அறுபது வண்டி குறைவு

இந்த அறையின் ஜன்னல் நல்ல ஜன்னல். நாற்காலியை விட்டு எழாமலே கீழே சாலை இரண்டு பக்கமும் தெரிகிறது. நீங்கள் தேநீர் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் நாற்பத்தொரு வண்டிகள் போயின. ஒன்பது லாரி, மூன்று பஸ், மற்றவை சின்ன வண்டிகள். இருபத்தாறு வருடம் எண்ணியே சம்பளம் வாங்கியவனுக்குக் கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை.

"நீங்க சொல்லுங்க, இவர் எழுதிக்குவார்" என்றீர்கள். தாள் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் எழுத்தர் நல்ல மனிதராகத் தெரிகிறார். பாதியில் அவருக்குக் கை ஓடாது. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று அலுவலகத்தில் பெயர், அதனால் உங்களுக்கும் வாசிக்க சிரமம் இருக்காது.

இருபத்தைந்தாம் கிலோமீட்டர் விபத்துகளைப் பற்றி நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை வாசித்தேன். சாலை நடுவில் கோடு போடும் வண்டிக்காரரின் கவனக்குறைவு என்று முடித்திருக்கிறீர்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அவர்மேல் இரக்கப்பட்டு ஓடி வந்தேன் என்று நினைக்க வேண்டாம், அவர் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. தப்பான பதிவு எனக்கு ஆகாது, அவ்வளவுதான். ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை இன்னொருவருடைய அசட்டை என்று எழுதிவைத்தால் யாருக்கும் வயிறு எரியும்.

முதலில் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

ஊர்ப்புறத்து நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அகலத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒரு சாலையில் மணிக்கு எத்தனை வண்டி போக முடியும் என்பதை அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. போக ஒரு தடம், வர ஒரு தடம். முன்னால் ஒரு சுமை லாரி முக்கி முனகிக்கொண்டு போனால் பின்னால் பத்துக் கார் கட்டிப் போட்டது போல ஊர்ந்துதான் ஆக வேண்டும். அந்தப் பத்தும் எங்கே முந்த முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளைவிலும் மேட்டிலும் எதிரே வருவது தெரியாது. அங்கே நடுவில் முழுக்கோடு போடுவோம், முந்தக் கூடாது என்று அர்த்தம். கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிற இடத்தில் விட்டுவிட்டுப் போடுவோம், அதைத் துண்டுக்கோடு என்போம். துண்டுக்கோடு கூடினால் சாலை தாங்குகிற வண்டிகளும் கூடும். ஒரு அடி தார்கூட சேர்க்காமல், வெறும் பெயிண்டை வைத்தே ஒரு சாலையைப் பெரிதாக்கலாம்.

இன்னொன்று ஓரம். தாருக்கு வெளியே வெறும் மண் இருந்தால், ஓட்டுகிறவன் பயந்து நடுவை ஒட்டியே போவான். எதிரே வண்டி வந்தால் வேகம் குறைப்பான். பஸ் நின்றால் தடத்திலேயே நிற்கும், சாலையும் அதோடு நிற்கும். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் தார் போட்ட ஓரம் கொடுத்துப் பாருங்கள். வண்டிகள் மூச்சு விடும், நடந்து போகிறவர்களுக்கும் கால் வைக்க இடம் கிடைக்கும்.

என் மனைவி அப்படி நடந்து போனவள்.

இருபத்திமூன்றாம் கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியில் அவள் கணக்கு ஆசிரியை. பஸ் நிற்குமிடத்திலிருந்து பள்ளி வாசலுக்கு அறுநூறு மீட்டர். தாரின் விளிம்பிலிருந்து மண் ஒரு சாண் இறங்கியிருக்கும். மழை பெய்தால் அந்த மண்ணில் செருப்பு புதையும், அதனால் தாரின்மேல்தான் நடப்பாள். அவளுக்கு என்னைச் சீண்டுவதென்றால் தனி ருசி. ஒரு நாள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"ஊருக்கெல்லாம் ரோடு போடுறீங்க. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு ஓரம் போட்டுத் தர வக்கில்ல."

"போட்டுட்டாப் போச்சு. மகாராணி நடக்கற ரோடுன்னு பலகையும் வெச்சிடவா?"

"பலகையெல்லாம் வேணாம். செருப்பு நனையாம இருந்தாப் போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைச் செய்துகொடுக்க என்னால் முடியும் என்றும் நினைத்தேன். எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. ஏழு நாள் தொடர்ந்து எண்ணி, நாள் சராசரி மூவாயிரம் வண்டியைத் தொட்டால் அந்தச் சாலைக்குத் தார் போட்ட ஓரம் உண்டு. மூவாயிரத்துக்குக் கீழே என்றால் கிடையாது. நானே எழுதிப்போட்டு எண்ணிக்கைக்கு அனுமதி வாங்கினேன். பள்ளிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பஞ்சர் கடைக்கு எதிரே, மரத்தடியில் நாற்காலி போட்டுக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை உட்கார்ந்தேன்.

எண்ணுகிறவர்களைப் பற்றி அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் பயந்து பாதியில் வீட்டுக்குப் போய், மிச்ச மணி நேரங்களை மற்ற நாட்களின் சராசரியை வைத்து நிரப்பிவிடுவார்கள். அதற்கு 'வீட்டு எண்ணிக்கை' என்று பெயர். பெரும்பாலும் பொருந்தியும் போகும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். என்னைப் பற்றி மட்டும் யாரும் அப்படிக் கேலி பேசியதில்லை.

சராசரி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது வந்தது. அறுபது குறைவு.

அப்போது எங்கள் கோட்டப் பொறியாளராக இருந்தவரைத் தராசு என்போம். அவர் முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். எதையும் விதியில் வைத்து நிறுப்பார். முள் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கையெழுத்து விழாது. தன் தம்பி மகனின் மாற்றல் மனுவையே ஒரு நாள் தாமதம் என்று திருப்பி அனுப்பியவர். ஆனால் அதட்டிப் பேச மாட்டார். எங்களையெல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

கோப்பைப் பிரித்து எண்ணிக்கைத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன். அதை உரிய இடத்தில் எழுதுகிறேன். கடைசியில் மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, வரைபடத்தில் நான் இரண்டு பக்கமும் போட்டிருந்த ஓரத்தை அடித்தார்.

"மூவாயிரம்னா மூவாயிரம்தான் தம்பி. அறுபது கம்மி. அடுத்த வருஷம் பார்ப்போம்."

அடுத்த வருடம் மழைக்காலத்தில், பள்ளி விட்டு வரும் நேரம், ஒரு லாரியை முந்தப் போன வேன் எதிரே பஸ்ஸைக் கண்டு உள்ளே ஒடித்தது. அந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் தார் இருந்திருந்தால் அவள் அதில் நடந்துகொண்டிருப்பாள். அவளுடைய செருப்பில் ஒன்று நனையவே இல்லை. மறுநாள் பஞ்சர் கடைக்காரர் அதைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

சாவு வீட்டுக்குத் தராசும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் சுவரை ஒட்டி நின்றார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

"நான் இன்னும் கவனமாப் பார்த்திருக்கணும் தம்பி."

அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். குற்றவாளியே வீடு தேடி வந்து ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு? அன்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அவர்மேல் இருந்தது கோபம் இல்லை, கோபம் வந்தால் நாலு நாளில் போய்விடும். நான் அவரை வெறுத்தேன். வெறுப்போடு சாப்பிட்டேன், வெறுப்போடு சவரம் செய்துகொண்டேன், தினமும் காலையில் அவருக்கு வணக்கம் வைத்தேன். நாலு வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்றபோது கூட்டத்தில் வாழ்த்துரை வாசித்ததும் நான்தான். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் அதே சாலையில், இருபத்தேழாம் கிலோமீட்டரில், தோட்டத்தோடு ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். என் மனைவி விழுந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் நகரத்துக்கு வர வேண்டும். வாசகசாலை திறக்கும் நேரத்துக்கு வந்து செய்தித்தாள் வாசித்துவிட்டு, அதே வழியாகத் திரும்பிப் போவார். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான், அவள் போன பிறகு முதல்முறையாக, வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் வருடங்கள் போயின. எனக்கு அவசரம் இல்லை. போக்குவரத்து இரண்டு மடங்காகப் பெருகியது. தார் போட்ட ஓரமும் ஒரு வழியாக வந்தது, யாரும் கேட்காமலே. கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் சாலையே நின்றுவிடும். நாலு தடமாக அகலப்படுத்த வழியில்லை. இருக்கிற சாலையிலேயே கூடுதல் வண்டி போக ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வடிவமைப்புப் பிரிவில் அப்போது மூத்தவன் நான். கோப்பு என் மேஜைக்கு வந்தது.

முதல் வேலையாகப் போய்த் தராசைக் கவனித்தேன். இருபத்தைந்தாம் கிலோமீட்டர் பஸ் நிழற்குடையில் ஒன்பது காலை எண்ணிக்கைத் தாளோடு உட்கார்ந்தேன். எண்ணுகிறவனை யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. ஏழு இருபது வாக்கில் அவருடைய தாழ்வான வெளிர்நீலப் பழைய கார் வரும். முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும், திட்டும், சிலது முழுக்கோட்டையே தாண்டி முந்தும். அவர் அசைய மாட்டார். முழுக்கோடு இருக்கும்வரை மூன்று கிலோமீட்டர் ஆனாலும் டிராக்டரின் பின்னால் பொறுமையாக வருவார். துண்டுக்கோடு தொடங்கியதும், முதல் துண்டிலேயே, இண்டிகேட்டர் மினுக்கும். கார் வெளியே ஏறும், முந்தும், உள்ளே வரும். பாடம் நடத்துவது போல இருக்கும்.

ஒன்பது நாளில் நான் எண்ணிய ஐயாயிரத்துச் சொச்சம் வண்டிகளில், கண்ணை நம்பாமல் கோட்டை நம்பி ஓட்டியவர் அவர் ஒருவர்தான். எங்கள் துறையை இந்த உலகத்தில் முழுசாக நம்பிய ஒரே மனிதர். இது தெரிந்ததும் மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது.

நிழற்குடையைத் தாண்டிச் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இறங்கப் போகிறவருக்கு எதிர் மேட்டில் சாலை பளிச்சென்று தெரியும், காலியாக இருப்பது போலவே இருக்கும். நடுவில் ஒரு காரோ வெறும் லாரியோ பள்ளத்தில் இருந்தால் தெரியாது. அங்கே எப்போதும் முழுக்கோடுதான்.

எங்கே எந்தக் கோடு என்பதை எப்படித் தீர்மானிக்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெரிய கருவி ஒன்றும் இல்லை. இரண்டு அளவையாளர்கள், நடுவில் ஒரு நீளக் கயிறு, ஆளுக்கொரு மரக்கோல். கோலில் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் உயரத்தில் சிவப்பு வளையம், காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம் அது. இருவரும் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி சாலையோரம் நடப்பார்கள். பின்னால் வருகிறவர் தன் வளையத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார். முன்னால் போகிறவரின் வளையம் மறைந்தால் அங்கே முழுக்கோடு. தெரிந்தால் துண்டுக்கோடு.

மற்ற இடங்களையெல்லாம் பழைய கோல்களாலேயே அளக்க வைத்தேன். பள்ளத்தை அளப்பதற்கு முதல் நாள் பழையது உளுத்துப்போனது என்று சொல்லிப் புதுக் கோல் கொடுத்தேன். வளையத்தை என் கையாலேயே வரைந்திருந்தேன், இருக்க வேண்டியதைவிட முப்பது சென்டிமீட்டர் உயரத்தில். அளவையாளர்கள் இருவருமே நெட்டையர்கள், குனிய வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். பள்ளத்துக்கு மேலே இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொண்டன. புலப் புத்தகத்தில் 'பார்வை தடையில்லை' என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் பொய்யே இல்லை. அவர்களை நீங்கள் ஒன்றும் செய்யக் கூடாது.

கோடு போடுகிறவர் மட்டும்தான் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தார். அவருடைய வண்டியில் இருக்கை தாழ்வு, காரில் உட்கார்ந்த மாதிரிதான். பள்ளத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"சார், இங்க துண்டுக்கோடா? எதிர்ல வர்றவன் முங்கிப் போயிடறான் சார். இப்பத்தான் ஒரு வேன் வந்துச்சு. இருந்துச்சு, காணோம், திடீர்னு மூக்குக்கு முன்னால நிக்குது."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"துண்டுக்கோடுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப போடுங்க."

"எனக்கு மனசு ஒப்பலை சார். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போட்டுட்டுப் போறேன்."

அவருடைய நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணை தொடங்கிய அன்று அவருடைய வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டதும் நான்தான். அந்த மனிதர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. தாளை இதோடு இணைத்திருக்கிறேன்.

திட்டம் நல்ல பலன் கொடுத்தது. காலை நெரிசலில் மணிக்கு அறுநூற்று நாற்பது வண்டி போன சாலையில் எழுநூற்று எண்பது போக ஆரம்பித்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வேறு இரண்டு கோட்டங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி நேர்மையாக வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தங்களைத் தடத்துக்கு வெளியே தள்ளியது, கிளைச் சாலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டது, ஏற்றத்தில் லாரிகளுக்குத் தனித் தடம் கொடுத்தது எல்லாம் சரியான வேலை. பள்ளத்தின் பங்கு மிகவும் சொற்பம்.

தராசுக்காகக் காத்திருந்த எட்டு மாதத்தில் அங்கே மூன்று பேர் இறந்தார்கள். ஒரு பால் வேன் ஓட்டுநர். அப்புறம் பைக்கில் போன புதுசாகக் கல்யாணமான இருவர். மற்றவர்கள் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுவார்கள், கோடு அவர்களை ஒன்றும் செய்யாது என்பதுதான் என் கணிப்பு. எட்டு மாதத்தில் அந்தப் பள்ளத்தைக் கடந்த வண்டிகள் பதினைந்து லட்சத்துக்கு மேல். அதில் இரண்டு வண்டியில்தான் கணிப்பு பிசகியது. எந்த வடிவமைப்பிலும் அந்த அளவுக்குப் பிசகு இருக்கும்.

பைக் விபத்துக்குப் பிறகு, இங்கே முழுக்கோடு போடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அந்தப் பெண்ணின் அப்பாவுடையது. மனு என்னிடம்தான் வந்தது. 'இடம் மறு ஆய்வு செய்யப்பட்டது, கோடு அளவைகளுக்கு உட்பட்டது' என்று மூன்று வரியில் பதில் அனுப்பினேன். மனசு கொஞ்சம் உறுத்தியது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அப்போது ஆலை மூடியிருந்த காலம், சாலையில் டிராக்டர் கிடையாது, அவருக்கு முந்த வேண்டிய தேவையே வரவில்லை. அவர் பாக்கி இருக்கும்போது கோட்டை மாற்றினால் அந்த மூன்று பேரும் வீணாகப் போயிருப்பார்கள்.

ஆலை திறந்த மூன்றாம் நாள் காலை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு இருபத்திரண்டு. கரும்பு டிராக்டர், அதன் பின்னால் வெளிர்நீலக் கார். எதிர்ப்பக்கம் சரக்கு இறக்கிவிட்டு வரும் வெறும் லாரி ஒன்று பள்ளத்துக்குள் இறங்குவதைப் பார்த்தேன். முதல் துண்டுக்கோடு. இண்டிகேட்டர் மினுக்கியது. என்னைத் தாண்டும்போது அவர் முகம் தெரிந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. எழுந்து கையை ஆட்டியிருந்தால் அவர் பார்த்திருப்பார்.

நான் காரை எண்ணிக்கைத் தாளில் குறித்தேன். பிறகு லாரியைக் குறித்தேன். ஆட்கள் ஓடினார்கள், யாரோ கத்தினார்கள். எட்டு மணி வரை உட்கார்ந்து அந்த மணி நேரத்தை முழுதாக எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விதிப்படி ஓட்டியே அவர் செத்தார். என் மனைவியும் விதிப்படிதான் செத்தாள். இரண்டு பக்கமும் நேராகிவிட்டது என்று இருந்தேன். நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் அவருடைய மனைவி குடும்ப ஓய்வூதியத் தாளில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. ஆஃபீஸ்ல கிடந்தா யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்க, அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துடும்னு அப்பவே வீட்டுக்குக் கொண்டாந்துட்டார். விதியை மீறி அவர் செஞ்ச ஒரே காரியம் இதுதான்னு சொல்லுவார்."

"என்னம்மா இது?"

"எனக்கென்ன தெரியும். உங்க சம்சாரம் போனதுக்கப்புறம் அவர் பழைய மாதிரி இல்ல தம்பி. இன்னொரு தடவ கேட்டிருக்கணும், இன்னொரு தடவ கேட்டிருக்கணும்னு புலம்பிட்டே இருப்பார்."

உறைக்குள் இருந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய என் எண்ணிக்கைத் தாள். ஏழாவது நாள், பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரையுள்ள கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'வீட்டு எண்ணிக்கையோ?' என்று இருந்தது. கீழே, 'ஆலை திறந்த நாள். தம்பியைக் கேட்க வேண்டும்.' தேதி, அவர் ஓரத்தை அடித்த அதே தேதி.

ஏழாவது நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. குடை ஒழுகியது. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். மழையால் பள்ளியைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள், அவளும் வந்திருந்தாள். தலையைத் துவட்டிவிட்டபடி, "எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். மிச்ச நாலு மணி நேரத்துக்கு ஆறு நாள் சராசரியைப் பார்த்து ஆயிரத்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். மறுநாள் நாற்காலியை எடுக்கப் போனபோது பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். "நீங்க போனதுக்கப்புறம்தான் சார் கூட்டமே. மழை விட்டுச்சு, ஆலையும் திறந்தாங்க, ஒரே கரும்பு வண்டி." குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு இருந்திருக்கும். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாள் ஒன்றுக்கு அறுபத்தொன்பது வண்டி கூடும். எனக்குத் தேவைப்பட்டது அறுபது.

தாளைக் கூட்டி முடித்தாகிவிட்டது, அறுபதுக்காகவா ஒரு மனிதர் மறுக்கப்போகிறார் என்று அப்படியே கொடுத்துவிட்டேன். அன்று அவர் நிமிர்ந்து கேட்டது இதுதான்: "ஏழாவது நாள் சாயங்காலம் சரியா இருக்கா தம்பி? சந்தேகம் இருந்தா ஒரு நாள் மறுபடி உட்காருங்க, நான் ஃபைலை நிறுத்தி வைக்கறேன்." பக்கத்து மேஜையில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் எண்ணிக்கையைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. "சரியா இருக்கு சார்" என்றேன்.

எண்ணிக்கைத் தாளையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், எழுத்து அவ்வளவு மங்கல். ஓரத்தை அடிக்கும்போது அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது. என்னைச் சந்தேகப்பட்டதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார், வேண்டுமானால் அழித்துவிடலாம் என்று. பேனாவால் எழுதி என் முன்னால் நீட்டியிருந்தால் நான் மறுபடி போய் உட்கார்ந்து எண்ணியிருப்பேன். என் மனைவியைக் கொன்றது அந்தப் பென்சில். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.